அம்மாவின் படங்கும் மூன்று மிதிப்பெட்டிகளும்

மழையில் ஊறிய படங்கை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் ரப்பரும் புகையும் பச்சைத் தேயிலையும் கலந்த ஒரு வாடை கிளம்பும். கூடலூரை அடுத்த தேவாலாப் பக்கத்து மழைக்காலம் முழுவதும், அதாவது வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள், அந்த வாடையைத்தான் நாங்கள் மூச்சாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம். "படங்கு" என்றால் என்னவென்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள், செடியின் ஈரம் உடம்பில் ஏறாதபடி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கட்டிக்கொள்கிற, ரப்பர் பூசிய தடித்த துணி அது. அம்மாவின் படங்கு இலங்கையிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்தது. இங்கே அந்த மாதிரி கிடைக்காது என்பதால் அம்மா அதைப் பட்டுச்சேலையைப் போல மடித்து வைப்பாள். பட்டுச்சேலை ஒன்று அவளிடம் இருந்திருந்தால்கூட அவ்வளவு பத்திரமாக மடித்திருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஒப்பந்தப்படி யார் அங்கே, யார் இங்கே என்று எழுதி, இலங்கைத் தோட்டத்துச் சனங்களை இரண்டு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பங்குக்கு நாலு பேர் வந்தோம்: அப்பா, அம்மா, அம்மாவின் தங்கை பாக்கியம் சின்னம்மா, பத்து வயதான நான். தலைமன்னாரில் கப்பல், மண்டபத்தில் முகாம், அப்புறம் ரயில், அப்புறம் பஸ் என்று வந்து இறங்கியபோது எங்களை வரவேற்றது மழை. எஸ்டேட்டில் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மறுநாளே வேலை கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டுகிற இயந்திரத்தில் அவருடைய இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. காலையில் "பெரட்டு"க் களத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். ஒரு நாள் வேலையையே எங்கள் பேச்சில் "ஒரு பேர்" என்றுதான் சொல்வோம். அப்பாவுக்குப் பேர் இல்லை. சோறு வடித்துவிட்டு, வாசலில் குந்தி, பெரட்டுச் சத்தம் காதில் விழாத மாதிரி மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா ஆர்மோனியம் வாசிப்பவர். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வந்து அவரைக் கூப்பிடுவார்கள். கைப்பெட்டியில் வலது கை வாசிக்கும், இடது கை துருத்தியைத் தள்ளிக் காற்றடிக்கும். காற்றடிக்கக் கை இல்லாதவனுக்குப் பெட்டி எதற்கு என்று கப்பலேறுவதற்கு முன்பே தன் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆர்மோனியம் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. இதைப் படிக்கிறவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பீர்கள், நான் சொல்லப்போவது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். எங்களுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

நாங்கள் வந்த அடுத்த வருஷம் எஸ்டேட்டின் துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். சுற்றுவட்டாரத்தில் பல துரைமார்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பெரிய பங்களா, கிளப், குன்றின்மேல் இருந்த சின்ன மாதா கோயில் மூன்றையும் ஒழித்துத் தரும் வேலை ரைட்டர் பழனியப்பன் தலையில் விழுந்தது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதுகிற அவரைத்தான் "ரைட்டர்" என்போம். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், யாரையும் மரியாதை குறைத்துப் பேச வராது. கூட்டிப் பெருக்கப் போன பெண்களில் சின்னம்மாவும் ஒருத்தி. கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் விற்றுப் போயின. மீதி நின்றவை மூன்று ஆர்கன் பெட்டிகள், இடத்துக்கு ஒன்றாக. காலால் இரண்டு பலகைகளை மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே காற்று ஓடி, கட்டைகளை விரலால் அழுத்தும்போது ஒலிக்கிற, அலமாரி உயரத்துக்கு நிற்கிற பெட்டிகள். எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் அவற்றுக்கு "மிதிப்பெட்டி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் போகாதது தொழிற்சாலை அடுப்புக்கு விறகு என்று புது முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

சின்னம்மாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முடியாது என்ற சொல்லை மற்றவர்கள் சொன்னால் அவளுக்கு முகம் சிவக்கும். இலங்கையில் சிறுமியாக இருந்தபோது துரை பங்களாவில் வேலைக்கு நின்றவள். அந்தத் துரையின் தாயாருக்குக் கால்கள் விளங்காமல் போனதால், கிழவி முக்காலியில் உட்கார்ந்து வாசிக்க, இவள் தரையில் குந்திக்கொண்டு மிதிபலகைகளைக் கையால் அமுக்கிக் காற்றடிப்பாள். ஏழு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடித்திருக்கிறாள். ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் வாசிக்கிறவர் நல்லவரா, ஒப்பேற்றுகிறவரா என்பது காற்று செலவாகிற விதத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும் என்பாள். அவள் ரைட்டரிடம் போய், மூன்றுக்கும் நான் வீடு பார்த்துத் தருகிறேன், அதுவரை அடுப்புக்குப் போகக்கூடாது என்று கேட்டாள்.

ரைட்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மணி, உங்களுக்கே இன்னும் ஊடு சரியா அமையலீங்க, இதுக்கு ஊடு பாக்கறீங்களாக்கும்" என்றாராம். கேலிதான், ஆனால் தடுக்கவில்லை. ஆடி கடைசி வரைக்கும் சாவியை அவளிடமே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு கூடலூர், பந்தலூர் என்று அவள் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, அதைக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேட அலைந்திருந்தால் மூன்று மாப்பிள்ளை கிடைத்திருப்பான் என்று அம்மா சொல்வாள். வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை. கூடலூர் மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி பதித்து அலங்கார மேசை ஆக்கலாம் என்று ஆளோடும் வண்டியோடும் வந்தார். "யாரு வாசிப்பாங்க?" என்று சின்னம்மா கேட்டாள். வாசிக்கிறதாவது என்று அவர் சிரித்தார். சின்னம்மா மூடியைச் சாத்தி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீடு கிடைத்தால் மட்டும் போதாது, ஆளும் கிடைக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவள் தரையில் குந்திக் கையால் காற்றடித்துப் பார்ப்பாள்.

பங்களாப் பெட்டி கூடலூரில் ஒரு சின்ன சர்ச்சுக்குப் போனது. அதன் உபதேசியார் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர், வாசித்துவிட்டு "கொள்ளாம், கொள்ளாம்" என்று தலையாட்டினார். சின்னம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். கிளப்பில் இருந்த பெட்டியைக் கேட்டு வந்தவர் கோத்தகிரியில் காய்கறி மண்டி வைத்திருந்தவர். சமவெளியில் நாடகக் கம்பெனி ஒன்றில் கால் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தாராம், கம்பெனி கலைந்ததும் மைத்துனரோடு மலைக்கு வந்து முட்டைக்கோஸ் விற்க ஆரம்பித்துவிட்டார். மிதிபலகையில் காலை வைத்ததும் அவர் வாசிக்காமல் சும்மா மிதித்துக்கொண்டே இருந்தார். "எட்டு வருஷமா காலு சும்மா கெடக்குதுங்க" என்றார். அவருடைய காய்கறி லாரியில்தான் அந்தப் பெட்டி போனது. லாரி ஓட்டி வந்தவரைத்தான் பிற்பாடு சின்னம்மா கட்டிக்கொண்டாள் என்பதால் அந்த அலைச்சல் முழுக்க வீண் போகவில்லை.

மூன்றாவது, மாதா கோயிலில் இருந்த பெட்டி, யாருக்கும் வேண்டாததாக நின்றது. கூரை ஒழுகி, மரம் ஊதி, கட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு அழுத்தினால் எழும்பாமல் கிடந்தன. ஆடி முடியப் பத்து நாள் இருந்தது. அப்போது சின்னம்மா செய்த காரியத்தைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். பறித்த கொழுந்தை அரைப்பதற்கு முன்பு ஈரம் போகத் தொழிற்சாலை மாடியில் பரப்பி, கீழே எரிகிற அடுப்பின் சூடான காற்றைப் பெரிய விசிறியால் ஊதிவிட்டு வாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து கிடையாது, மாடி காலி. தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆறு ஆட்களை வைத்துப் பெட்டியை மாடிக்கு ஏற்றி, சனிக்கிழமை சாயங்காலம் நேரே விசிறியின் வாய்க்கு முன்னால் நிறுத்தினாள். கொழுந்தைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிற ஆள் அவள், மரத்துக்கு மட்டும் பதம் தெரியாதா என்ற தைரியம்.

திங்கட்கிழமை காலையில் கட்டைகள் எல்லாம் விடுபட்டிருந்தன. சின்னம்மா சந்தோஷமாகக் குந்தி மிதிபலகையை அமுக்கினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால் துருத்தித் துணி பொரித்த அப்பளமாக வெடித்துக் கிடந்தது. நான் சின்னம்மா அழுது பார்த்தது அன்று ஒரு தடவைதான். மழையில் நாசமாகாமல் நின்றதைத் தன் கையால் கொன்றுவிட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பெட்டியை இறக்கிக்கொண்டுவந்து எங்கள் லயத்துக்குப் பக்கத்திலிருந்த "பிள்ளைக்காம்பரா"வில் போட்டார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கொட்டகை அது.

அப்பா அதுவரை அந்தப் பெட்டிகளின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சின்னம்மா ஒவ்வொரு ஞாயிறும் வந்து யார் எப்படி வாசித்தார்கள் என்று சொல்லும்போது எழுந்து வெளியே போய்விடுவார். அன்றைக்கு வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், வெடித்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பெட்டியின் துருத்தியை எத்தனையோ தடவை ஒட்டியவர் அல்லவா, கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்கவில்லை.

"சேலைத் துணி போட்டா காத்து நிக்காது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "ரப்பர்த் துணிதான் வேணும்."

கூடலூர் கடைகளில் கிடைக்காது, மேட்டுப்பாளையம் போய் வாங்கி வரக் காசு இல்லை. மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்த அம்மா இடுப்பில் கைவைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டப் படங்கை உருவி, இரண்டு உதறு உதறி, அப்பாவின் தோளில் போட்டாள்.

அப்பா அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். "ஒனக்கு ஏலாது. இந்த மழைக்கு என்னத்த கட்டுவ?"

"ஒரச்சாக்கு கெடக்கு" என்றாள் அம்மா. "மொதல்ல இத வெட்டுங்க, பெறகு அதப் பாப்போம்."

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றும் என்னால் உணர முடிகிறது. யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன மரப்பெட்டிக்கு என் அம்மாவின் உடுப்பைக் கிழிக்கிறார்களே என்று நான் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்குச் சின்னம்மாவைப் பிடிக்காமல் போன இரண்டு நாட்கள் அவை. மறுநாள் அம்மா யூரியா சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறினாள். சாயங்காலம் வரும்போது பாவாடை முழுக்க நனைந்து, முழங்காலுக்குக் கீழே சாக்கு உரசிய இடமெல்லாம் சிவந்திருந்தது. தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு, பெட்டி எந்த மட்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

அப்பா வேலையை எடுத்தால் விடாத மனிதர் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். படங்கை மூன்று துண்டாக வெட்டச் சொன்னார். பசையைச் சின்னம்மா காய்ச்சினாள். நான் கோபத்தோடேயே துணியை இழுத்துப் பிடித்தேன். அப்பா முளையாணிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது முழங்கையால் பலகையை அமுக்கி, வலது கையால் ஒவ்வொன்றாக அடித்தார். இரண்டாம் நாள் மத்தியானம் பின்பலகையை மூடியாயிற்று. எங்காவது காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும், ஒருவர் காற்றடிக்க ஒருவர் கட்டைகளை வரிசையாக அழுத்த வேண்டும். சின்னம்மா பழக்கப்படி தரையில் குந்தி மிதிபலகைகளைக் கையால் அமுக்கினாள். அப்பா நின்றுகொண்டே ஒரு விரலால் இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். கும்மென்று ஒரு ஒலி எழும்பியது. தொட்டிலில் கிடந்த குழந்தைகளில் அழுதுகொண்டிருந்தவை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அப்பா வலது கோடி வரை போனார். திரும்பி வரும்போது ஒரு விரல் மூன்று விரலாகியிருந்தது. பிறகு அது கட்டைகளைச் சோதிக்கிற கையாக இல்லை, காமன் கூத்தில் நான் அம்மா மடியில் இருந்து கேட்ட மெட்டு.

கொஞ்ச நேரம் அடித்துக்கொடுத்த சின்னம்மா சட்டென்று கையை எடுத்துவிட்டாள். ஒலி தேய்ந்து நின்றது. அப்பா குனிந்து பார்த்தார், கை வலிக்கிறதா என்று கேட்டார். அவள் முக்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள்.

"ஒக்காருங்க அத்தான். காலை வைங்க" என்றாள். "ஒங்களுக்குப் போனது துருத்திக் கைதான். வாசிக்கிற கை அப்படியே இருக்கு. நான் ரெண்டு மாசமா ஊர் ஊரா ஆள் தேடுறேன்."

அப்பா உட்கார்ந்தார். கால் தாளத்துக்கு வர நேரம் பிடித்தது. ஒலி ஏறி இறங்கி விக்கி, பிறகு சீராயிற்று. வெளியே சாக்கோடு அம்மா வந்து நின்றிருந்தாள், உள்ளே வரவில்லை. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஈரமாகவும் ரொம்பச் சூடாகவும் இருந்தது.

ஆள் கிடைத்தாயிற்று, வீடு வேண்டுமே. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேர் படுத்தால் ஐந்தாவதாகப் பூனை படுக்க இடமில்லை. பெட்டி பிள்ளைக்காம்பராவிலேயே இருக்கட்டும் என்றால், அது எஸ்டேட்டின் கட்டடம், பேர் இல்லாத ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று ரைட்டர் தயங்கினார், அதில் தப்பும் சொல்ல முடியாது. சின்னம்மா விடவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடாமல் ஒரு கிழவியை வைத்து ஒப்பேற்றுகிறீர்கள், என் அத்தான் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், முதலாளியின் ஆள் வரட்டும், அவர் வந்து பார்த்து வேண்டாம் என்றால் பெட்டியை நானே அடுப்பில் தள்ளுகிறேன் என்று ஆபீஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளுக்கும் பேர் போயிற்று.

ஆடி கடைசியில் முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு வரும்போது தொட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன, நடக்கத் தெரிந்தவை பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன, அப்பா மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு நேரே ஆபீசுக்குப் போனார்கள். மறுநாள் மழையில் குடையோடு ரைட்டரே லயத்துக்கு வந்தார். "உங்க பேரை எழுதிப்போட்டனுங்க. நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருங்க" என்றார். அடுத்த நாள் காலையில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் பதில் சொன்ன குரல் எங்கள் லயம் வரைக்கும் கேட்டது.

அந்த மழை முடியும் வரை அம்மா சாக்கோடுதான் வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கிடைத்தது. அது வேர்க்கும், கிழியும், ஒரு பருவம் தாங்காது. படங்கை அவள் மறுபடி கேட்கவே இல்லை.

இப்போது அந்த எஸ்டேட்டில் பாதித் தோட்டம் கவ்வாத்து வெட்டாமல் காடாகிக் கிடக்கிறது. லயங்களில் பாதிக்குமேல் பூட்டு. பெரட்டுக் களத்தில் லாரி நிறுத்துகிறார்கள். பிள்ளைக்காம்பராவை மூடியபோது பெட்டியை நான் கூடலூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பா கடைசி வரை அதை வாசித்தார், அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். எனக்கு வாசிக்க வராது. ஊட்டியில் தங்கும் விடுதி நடத்துகிறவர் ஒருவர் வரவேற்பறையில் வைக்கக் கேட்டார், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். யாரு வாசிப்பாங்க என்று கேட்டேன். அவரும் சிரித்தார். என்னால் இப்போது மூடிமேல் ஏறி உட்கார முடியாது, அதனால் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போன மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், மின்சாரத்தில் ஓடுகிற வாத்தியத்தில் பழகியவள், காலுக்கு வேலை புதிது. முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் முழங்கால் கெஞ்சக் கெஞ்சத் தரையில் இறங்கி, மிதிபலகைகளைக் கையால் அமுக்கினேன். காற்று சீராகச் செலவாயிற்று. எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். துருத்தி பழசாகிவிட்டது, வேறு துணி போடலாமா என்று தயங்கிக் கேட்டாள்; தாராளமாகப் போடு என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. பழைய துணியைத் தூக்கி எறிய மனமில்லை, நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பலாம் என்று ஒரு சீட்டும் இருந்தது. ஓரமெல்லாம் ஆணி ஓட்டையோடு மூன்று துண்டுகள். முகர்ந்து பார்த்தேன், எந்த வாடையும் இல்லை. தரையில் ஒன்றோடொன்று பொருத்திப் போட்டபோது அம்மாவின் படங்கு முழுசாக வந்துவிட்டது, மேலே கயிறு கட்டிய தழும்புகூட இருந்தது. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த வயதில் அம்மா எனக்கு மலை மாதிரி பெரிய ஆளாகத் தெரிந்தாள். ஒரு சிறுமியின் உடம்பைச் சுற்றத்தான் அந்தத் துணி போதும். அந்த உடம்பைத்தான் அந்த ஆடி மழையில் சாக்கோடு மேலே அனுப்பினோம்.